செதுக்கலா, பெயர்த்தலா? கற்கருவி பற்றிய தமிழ் எழுத்துகள் குறித்து

தொல்பழங்காலம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘ஆதிமனிதன் கல்லைச் செதுக்கிக் கருவி செய்தான்’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகின்றது. அண்மையில் காஹாங்கில் தமிழாசிரியர் சிலருடன் உரையாடியபோது ஒருவர், “அக்காலத்தில் உளி ஏது என்று மாணவன் கேட்டான், ஐயா, எனக்கு விடை தெரியவில்லை” என்றார். மாணவனின் வினா முற்றிலும் நியாயமானது. பிழை தொடரில் உள்ளது.

‘செதில்’ என்னும் சொல்லோடு உறவுடையதாயினும், செதுக்கல் என்பது இன்று சிற்பியின் உளி வேலையையே நினைவூட்டுகின்றது. கற்கருவி ஆக்கமோ வேறு. ஒரு கல்லின் விளிம்பை மற்றொரு கல்லால் அடிக்க, விசை உள்ளே பரவி மெல்லிய சில்லொன்று பெயர்கின்றது. விளிம்பின் கோணம் 90 பாகைக்குக் குறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் சில்லு ஒழுங்காகப் பெயராது. பெயர்ந்த சில்லில் அடிபட்ட இடத்தையொட்டிச் சிறு புடைப்பும், மூலக்கல்லில் அதற்கேற்ற குழிவும் எஞ்சும். இவ்வடையாளங்கள் இயற்கையாக உடைந்த கல்லினின்றும் கருவியைப் பிரித்தறிய உதவுவன. ஒரு சில்லு விட்டுச்சென்ற தழும்பே அடுத்த அடிக்குத் தளமாகலாம். ஆகவே அடிப்பவன் அடுத்தடுத்த அடிகளை முன்கூட்டியே எண்ணியாக வேண்டும்.

பேராக் மாநில லெங்கோங்கிலுள்ள கோத்தா தம்பானில் 1987இல் சுரைனா மஜிட் நடத்திய அகழாய்வின் சிறப்பும் இதுவே. அடைகல், சுத்தியல் கல், மூலக்கல், கழிவுச் சில்லு யாவும் ஒரு பட்டறையாகவே கிடைத்தன. தோபா எரிமலைச் சாம்பலைக் கொண்டு முதலில் 31,000 ஆண்டு எனவும், பின்னர் 74,000 ஆண்டு எனவும் காலம் கணிக்கப்பட்டது. நம் கட்டுரைகளோ கருவிகளை மட்டும் பட்டியலிட்டுக் கழிவை விட்டுவிடுகின்றன. செய்முறைக்குச் சான்று கழிவிலன்றோ உள்ளது!

மற்றொரு குறை இன்னும் கடுமையானது. 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்திலும், பின்னர் அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்த கருவிகளைச் சிலர் ‘முதல் தமிழனின் கைவண்ணம்’ என்கின்றனர். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையன எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினர். நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுக்குட்பட்டவை. மொழி அடையாளத்தை அக்கைகளுக்கு ஏற்றுவது ஆய்வாகாது. மாணவரிடம் அதனைக் கூறுவது ஏய்ப்பு.

‘சில்லுப் பெயர்த்தல்’ என்றே எழுதலாம் என்பது என் பரிந்துரை. “கொத்துதல் என்றால் ஆகாதா?” என்றார் அவ்வாசிரியர். அம்மி கொத்துவதைப் பார்த்தவர்க்குத் தெரியும்: அங்கே புள்ளிக் குழிகளும் கல்தூளுமே மிஞ்சும், கூர்விளிம்புடைய சில்லு கிட்டாது.