பிரித்த கை எது? — இரு திரைப்படங்கள் குறித்து ஓர் ஒப்புநோக்கு

தாயைப் பிரிந்த சேயின் துயரம் தமிழர்க்குப் புதிய பொருளன்று. பெட்டியில் வைத்து ஆற்றிலே விடப்பட்ட கர்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அக்கதையில் குழந்தையை நீரில் விட்ட கை குந்தியின் கையே. அவளை அந்நிலைக்குத் தள்ளிய ஊர்ப்பழியின் அச்சம் பின்னணியில் மறைந்துவிடுகின்றது. இம்மரபு இன்றைய கலைஞனையும் எவ்வளவு தூரம் ஆட்கொண்டுள்ளது என்பதை, 2002ஆம் ஆண்டில் வெளிவந்த இரு திரைப்படங்களை அருகருகே வைத்து நோக்கின் அறியலாம். ஒன்று, பிலிப் நொய்ஸ் நெறிப்படுத்திய ‘றபிட் புறூவ் பென்ஸ்’ என்னும் அவுஸ்திரேலியப் படம். மற்றது, மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’.

முன்னையது உண்மை வரலாறு. 1931ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜிகலொங் என்னுமிடத்திலிருந்து மொலி, டெய்சி, கிரேசி என்னும் ஆதிக்குடிச் சிறுமியர் மூவர் அரசாங்கத்தாற் கவர்ந்து செல்லப்பட்டு, மூர் ஆற்றுக் குடியேற்றத்தில் அடைக்கப்பட்டனர். மூத்தவளாகிய மொலிக்கு அப்பொழுது வயது 14. அங்கிருந்து தப்பிய மூவரும், முயல்களைத் தடுப்பதற்காக வெள்ளையர் எழுப்பிய நெடுவேலியையே வழித்துணையாகக் கொண்டு ஊர்நோக்கி நடந்தனர். கிரேசி இடைவழியிற் பிடிபட்டாள். ஏனைய இருவரும் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நடந்து வீடு சேர்ந்தனர். மொலியின் மகள் டொரிஸ் பில்கிங்டன் 1996இல் எழுதிய நூலே படத்தின் மூலம்.

இப்படத்தின் தலையாய சிறப்பு யாதெனின், பிரித்த கையை அது தெளிவாகக் காட்டுவதேயாகும். அக்கைக்கு உரியவரான நெவில் கொடியவராகத் தோன்றுவதில்லை. மென்மையாகப் பேசுகிறார், கோப்புகளைப் புரட்டுகிறார், சீமாட்டிகள் முன்னிலையில் படங்காட்டி, கலப்பினப் பிள்ளைகளின் கருமை சில தலைமுறைகளில் மறைந்துவிடும் என விளக்குகிறார். அவர் வகித்த பதவியின் பெயரோ ‘பாதுகாவலர்’! நன்மை செய்கின்றோம் என்னும் நம்பிக்கையோடு இழைக்கப்படும் தீமை எத்துணை அச்சந் தருவது என்பதை இப்பாத்திரம் உணர்த்துகின்றது. தாயும் மகளும் ஒரே வேலியின் கம்பியைத் தொலைதூரத்து இரு முனைகளிற் பற்றி நிற்கும் காட்சி, நெடிய வசனங்கள் பல உரைக்க முடியாததை உரைத்துவிடுகின்றது.

குறையும் உண்டு. வளர்ந்து தாயான பின்னரும் மொலி தன் பெண்மக்கள் இருவருடன் 1940இல் மீண்டும் அதே இடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டாள். அவள் இளைய மகளைச் சுமந்து தப்பி வந்தாள். பின்னர் அக்குழந்தையும் பறிக்கப்பட்டது. இப்பெருந்துயரைப் படம் இறுதியிற் சில சொற்களிற் கூறி முடித்துவிடுகின்றது. வெற்றியின் களிப்போடு பார்வையாளரை அனுப்பிவைக்க விரும்பியமையே இதற்குக் காரணம் எனலாம்.

இனி, தமிழ்ப் படத்தை நோக்குவோம். போருக்கஞ்சி மாங்குளத்திலிருந்து இராமேஸ்வரம் சேர்ந்த சியாமா, அங்கே குழந்தையைப் பெற்று, அதனை விட்டுவிட்டுக் கணவனைத் தேடித் திரும்புகிறாள். அக்குழந்தையே அமுதா. ஒன்பதாவது பிறந்தநாளில் தான் வளர்ப்புமகள் என்பதை அறிந்தவள், பெற்றவளைத் தேடி இலங்கைக்கு வருகிறாள். வளர்த்த தாய் இந்திராவின் உள்ளத்தை இத்துணை நுணுக்கமாகத் தீட்டிய தமிழ்ப் படங்கள் சிலவே. ஆயினும் இறுதிக் காட்சியில், தன்னை விட்டுச் சென்றது ஏன் என்று அமுதா கேட்பது யாரை? பெற்ற தாயை மட்டுமே. தாயோ அழுகிறாள்; நாமும் அழுகின்றோம். போரை நடத்தியோர் எவரும் அக்கேள்விக்கு விடையிறுக்க அழைக்கப்படவில்லை. சியாமா குந்தியின் வழியிலேயே நிறுத்தப்படுகிறாள்.

சட்டத்துக்குக் கையொப்பமிட்ட ஒருவர் உண்டு, போருக்கு அவ்வாறு ஒருவரைச் சுட்டவியலாது என இதற்கு மறுப்புரைக்கலாம். அது ஓரளவு உண்மையே. ஆனால் முகமற்ற பேரிடரிலும் கேள்வியை உரிய இடத்தில் எழுப்புதல் கூடும் என்பதை நம் கரையோரமே கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் அட்டாளைச்சேனைக்கு வடக்கேயுள்ள கல்முனையின் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட பெயரறியாக் குழந்தை ஒன்று, ‘81’ என்னும் இலக்கத்தால் உலகெங்கும் பேசப்பட்டது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் குழந்தை பெற்றோர் கையிற் சேர்ந்தது. இங்கே சட்டம் பெற்றோர் யாவரெனத் தேடிற்று. மூர் ஆற்றிலோ, பெற்றோர் யாவரென அறிந்தே சட்டம் பிள்ளைகளைப் பறித்தது. பாதுகாத்தல் என்னும் ஒரே சொல்லுக்கு எத்துணை வேறுபட்ட பொருள்கள்!

அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் 2008 பெப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் றட், பறிக்கப்பட்ட தலைமுறையினரிடம் மன்னிப்புக் கோரினார். பிரித்த கை இன்னதென்று ஒரு நாடு சுட்டத் துணிந்த பின்னரே அம்மன்னிப்பு இயல்வதாயிற்று. நம் நாட்டின் போரிலும் பிள்ளைகளைப் பிரிந்த பெற்றோர் பலர். அவர்தம் கதையைப் படைக்கப்போகும் தமிழ்க் கலைஞர், கண்ணீரோடு அமைந்துவிடாது, தாயிடம் கேட்ட அக்கேள்வியை அவளைத் தாண்டியும் கேட்பாராக.