தோஃபு வண்டியும் முட்டை வண்டியும்

'இனிஷியல் டி' என்றதும் பலருக்கு யூரோபீட் பாட்டும் டயர் கிறீச்சிடும் சத்தமும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு தம்ளர் தண்ணீர்.

பார்க்காதவர்களுக்குக் கதை சுருக்கமாக. ஷிகெனோ ஷூயிச்சி 1995இல் தொடங்கி 2013 வரை வரைந்த மாங்கா இது. அனிமே தொடராக 1998இல் வந்தது. தகுமி ஃபுஜிவாரா பள்ளிக் கடைசி வருஷம் படிக்கிற பையன். மாலையில் பெட்ரோல் பங்கில் வேலை. அப்பா புன்டா தோஃபு கடை வைத்திருக்கிறார். விடியற்காலையில் பழைய டொயோட்டா ஏஇ86 வண்டியில் அகினா மலை மேலிருக்கும் ஹோட்டலுக்குத் தோஃபு கொண்டுபோய்க் கொடுப்பது தகுமியின் வேலை. நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே, லைசென்ஸ் இல்லாமல், ஆரம்பித்துவிட்டான். கிளம்பும் முன் அப்பா ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி வண்டியில் வைப்பார். தண்ணீர் சிந்தக் கூடாது. சிந்தினால் தோஃபுவும் நசுங்கியிருக்கும் என்று அர்த்தம்.

ஐந்து வருஷம் இப்படியே ஓட்டுகிறான். திரும்பி வரும்போது வண்டி காலி. சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்ற அவசரத்தில் வேகமாக இறங்குகிறான். மலையில் ரேஸ் ஓட்டும் பையன்கள் யாருக்கும் அவனைப் பிடிக்க முடிவதில்லை. தான் செய்வது திறமை என்றே அவனுக்குத் தெரியாது. கார் ஓட்டுவது அவனுக்கு போர். முதல் ரேஸுக்கு அவன் ஒத்துக்கொள்வதே ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோலுக்காகத்தான். ஒரு பெண்ணை பீச்சுக்குக் கூட்டிப்போக வேண்டுமே!

இன்ஜினியரிங் ஹாஸ்டலில் ஹார்ட் டிஸ்க்கில் சுற்றிக்கொண்டிருந்த இந்தத் தொடரை நான் பார்த்தபோது, ரூமில் எல்லோரும் டிரிஃப்ட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சித்தப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் புதுவாயல். மலை கிடையாது, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. ஜி.என்.டி. ரோடு நேராக கும்மிடிப்பூண்டிக்குப் போகும், பெரியபாளையம் ரோடு பிரிந்துபோகும், அவ்வளவுதான். சித்தப்பா ஒரு மொத்த வியாபாரியிடம் முட்டை வண்டி ஓட்டினார். குட்டி யானை. ராத்திரி மூணு மணிக்கு செங்குன்றத்தில் லோடு ஏற்றி, விடிவதற்குள் கும்மிடிப்பூண்டி வரை கடை கடையாகப் போட வேண்டும். காரனோடைப் பாலத்தின் இணைப்புகளில் எந்த கியரில் ஏற வேண்டும், எந்த ஸ்பீடு பிரேக்கருக்கு பெயின்ட் அழிந்துவிட்டது, எந்த இடத்தில் ஹெட்லைட்டை டிம் பண்ணினால்தான் பள்ளம் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. லீவு நாளில் கூட உட்கார்ந்து போவேன். பின்னால் முட்டை அட்டை அசையும் சத்தத்தைக் கேட்டே, "மேல் வரிசை கயிறு லூஸ்டா" என்பார்.

அதனால்தான் 'இனிஷியல் டி'யின் மையம் ரேஸ் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஒரே வேலையைத் தினமும், உடையக்கூடிய ஒரு பொருளுக்காகக் கவனமாகச் செய்பவனின் உடம்பில் சேர்கிற அறிவுதான் இந்தக் கதையின் பலம். விளையாட்டுக் கதைகளில் கனவு முதலில் வரும், உழைப்பு பின்னால் வரும். இங்கே உழைப்பு முதலில் வந்துவிடுகிறது. கனவே இல்லாத ஒருவனிடம் போய், 'இது உன் கனவாக இருக்கலாமே' என்று உலகம் கேட்கிறது.

ஆனால் ஷிகெனோ கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அந்த ஏஇ86இன் கதவில் 'ஃபுஜிவாரா தோஃபு கடை' என்று எழுதி, கூடவே 'சொந்த உபயோகத்துக்கு' என்றும் எழுதியிருக்கும். நம்ம ஊர்க் கணக்கில் ஒயிட் போர்டு வண்டி. சித்தப்பாவுடையது மஞ்சள் போர்டு, அதுவும் முதலாளியுடையது. தகுமி தண்ணீரைச் சிந்தினால் அது பாடம். சித்தப்பா வண்டியில் ஒரு அட்டை போனால் முப்பது முட்டைக் காசு சம்பளத்தில் பிடிப்பு. கவனம் ஒன்றுதான். ஒருவனுக்கு அது பயிற்சி, இன்னொருவருக்கு அபராத பயம். இந்த வித்தியாசத்தைத் தொடர் ஒருமுறைகூட யோசிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கஷ்டமானது. ப்ளஸ் டூவில் என் பக்கத்து பெஞ்சில் இருந்தவன் ஹைவேயில் ராத்திரி பைக் ரேஸ் போவான். ஒரு நாள் ரோட்டோரம் டெயில் லைட் இல்லாமல் நின்ற லாரியில் மோதினான். பிழைக்கவில்லை. 'இனிஷியல் டி'யில் வளைவுக்கு வளைவு ஆள் நின்று, எதிரே வண்டி வருகிறதா என்று வயர்லெஸில் சொல்வார்கள். ஒரு பொது ரோடு அந்தப் பையன்களுக்காகக் காலியாகிவிடும். அந்தக் காலி ரோடுதான் தொடரின் பெரிய பொய். நாங்கள் டிரிஃப்ட்டை எடுத்துக்கொண்டோம், தம்ளரை விட்டுவிட்டோம் என்று பழியை எங்கள் மேல் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் தொடரும் அந்த மயக்கத்தைத் தெரிந்தே விற்கிறது.

ரேஸ் எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. புதுவாயலிலிருந்து சென்னை போகும் வழியில் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அங்கே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்பு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல வருஷம் ரேஸ் நடத்தியது. பிறகு ரேஸ் இடம்பெயர்ந்தது, வேடிக்கை பார்த்த ஊர்கள் அங்கேயே இருந்தன. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு ரோட்டை அடைத்து, ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓட்டினார்கள். ஆக, ரோட்டைக் காலி செய்து தருவது முடியாத காரியம் இல்லை. யாருக்காகக் காலி செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பிந்தைய சீசன்களில் தகுமி 'ப்ராஜெக்ட் டி' அணியில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ரேஸ் ஓட்டுகிறான். இன்ஜின் மாறுகிறது, டெக்னிக் விளக்கங்கள் நீள்கின்றன. தோஃபு பின்னால் போய்விடுகிறது. ரசிகர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். எனக்கு இங்கே அவன் மற்ற ஹீரோக்கள் மாதிரி ஆகிவிடுகிறான். கடைசி ரேஸில் அந்த வண்டியின் இன்ஜின் வெடித்துப் போகும்போதுதான் பழைய தகுமி எட்டிப் பார்க்கிறான். ஒரு சாமான் வண்டி, உழைத்து உழைத்து நின்றுபோன மாதிரி இருக்கும்.

போன பொங்கலுக்கு முதல் எபிசோடை சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை, முதுகு போய்விட்டது. டிரிஃப்ட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரைப் பற்றி நான் விளக்கியதும் கேட்டார்: "சிந்திட்டா அந்தப் பையன என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க சித்தப்பா. அப்பாதானே."

"அப்ப ஓட்டலாம்," என்றார்.