பேர் வாங்குவதும் பேரை விலைக்கு வாங்குவதும்

தமிழில் ஒருவர் பேர் வாங்கினார் என்றால் காசு கொடுத்தார் என்று யாரும் நினைப்பதில்லை. உழைத்தார், ஊர் மெச்சியது, பேர் கிடைத்தது என்றுதான் பொருள். கெட்ட பேர் வாங்குவதும் அப்படியே. அதையும் செய்கையால்தான் சம்பாதிக்க வேண்டும். வளைகுடாவின் புதிய விளையாட்டரங்குகளைப் பற்றிப் பேசும்போது இந்த வழக்கு நேர்ப்பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. இங்கே பேர் உண்மையிலேயே வாங்கப்படுகிறது. அதற்கு விலை உண்டு, ஒப்பந்தம் உண்டு, முடிவு தேதியும் உண்டு.

துபாய் சிட்டி வாக் பகுதியில் 2019 ஜூனில் திறக்கப்பட்ட உள்ளரங்கம் 17,000 பேர் வரை கொள்ளும். குளிரூட்டப்பட்டது என்பதால் ஆகஸ்டிலும் நிகழ்ச்சி நடத்தலாம். கட்டிக்கொண்டிருந்தபோது அதன் பெயர் துபாய் அரங்கம். திறப்பதற்கு முன்பே, பத்தாண்டு ஒப்பந்தத்தில், அது கோகோ கோலா அரங்கமாகிவிட்டது. அபுதாபியின் யாஸ் தீவில் 18,000 பேருக்கான எதிஹாத் அரங்கம் 2021 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அதுவும் ஒரு விமான நிறுவனத்தின் பெயர்தான். ஆனால் எதிஹாத் என்றால் அரபியில் ஒன்றியம். அமீரகத்தின் அரபுப் பெயரில் வரும் ‘முத்தஹிதா’வும் அதே வேர்ச்சொல்லில் பிறந்தது. அதனால் விளம்பரம் காதில் உறுத்தாமல் உள்ளே போய்விடுகிறது. கோலாவுக்கு அந்த வசதி இல்லை.

துபாய் அரங்கத்தின் வடிவமைப்பும் பெயரும் ஒரே தருக்கத்தில் அமைந்தவை. அதன் வெளிப்புறம் எல்இடி விளக்குகளால் ஆனது; நிகழ்ச்சிக்கு ஏற்ப நிறம் மாறும். இன்று ஒரு பாடகருக்கு, நாளை குத்துச்சண்டைக்கு, மறுநாள் ஒரு நிறுவனத்தின் விழாவுக்கு. தனக்கென்று ஒரு முகம் இல்லாமல் இருப்பதே அதன் திறமை. உள்ளே உட்காரும் இடம் நல்லது, ஒலி நல்லது. வந்தவர்கள் நிறைவாகத் திரும்புகிறார்கள். வாடகைக்கு விடப்படும் கட்டடத்துக்கு வாடகைப் பெயர் பொருந்துகிறது என்று விட்டுவிடலாம். சிக்கல் கட்டடத்தைத் தாண்டி ஊருக்குள் வரும்போதுதான் தொடங்குகிறது.

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிக்கும். இடுகுறிப் பெயருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் வழிவழியாகச் சொல்லிவந்த பலம் அதற்கு உண்டு. காரணப் பெயருக்குப் பொருளே பலம். விலைக்கு வாங்கிய பெயருக்கு இரண்டும் இல்லை. பணம் நிற்கும்வரை நிற்கும். துபாய் மெட்ரோவில் பயணித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு நிலையம் முதலில் நூர் இஸ்லாமிக் வங்கி. பிறகு நூர் வங்கி. அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்த காலத்தில் அல் சஃபா. 2022இல் ஆன்பாசிவ் என்ற தொழில்நுட்ப நிறுவனம். தண்டவாளமும் படிக்கட்டும் நகரவில்லை, பெயர்ப்பலகை மட்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த கராமாவின் நிலையத்துக்கு இன்று ஏடிசிபி என்று ஒரு வங்கியின் பெயர். நண்பரை அழைப்பவர்கள் இன்னமும் “கராமா ஸ்டேஷன்ல இறங்கிடுங்க” என்றுதான் சொல்கிறார்கள்.

இது வளைகுடாவின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2000ஆம் ஆண்டு என்ரான் ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானம் திறக்கப்பட்டது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. மறு ஆண்டு அணி நிர்வாகம் தன் மைதானத்தின் பெயரைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி, பழச்சாறு நிறுவனமான மினிட் மெய்டுக்கு விற்றது. அதுவும் கோகோ கோலாவின் கிளைதான். மயாமியில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் 2021இல் ஓர் அரங்கத்தின் பெயரை வாங்கி, 2022 நவம்பரில் கவிழ்ந்தது. அங்கெல்லாம் பெயர் விழுந்தால் நகர மக்கள் சபையில் கத்தலாம், பத்திரிகையில் எழுதலாம், ஓட்டுப் போடலாம். நம் நிலை வேறு. வளைகுடாவில் முப்பது ஆண்டு வாழ்ந்தவருக்கும் அங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகளுக்கும் விசாதான் உறவு. நிலமும் ஓட்டும் இல்லாத இடத்தில், வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய இடப்பெயர் ஒன்றுதான் சொத்து. கராமா என்று சொல்வது பிடிவாதமல்ல, ஒரு வகைப் பட்டா.

அந்தப் பட்டா எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஷார்ஜாவே சாட்சி. அப்துல் ரஹ்மான் புக்காதிர் 1980களின் தொடக்கத்தில் எழுப்பிய கிரிக்கெட் மைதானம் அது. கட்டடக்கலை என்று பாராட்ட அங்கே பெரிதாக எதுவும் இல்லை. கூட்டம்தான் அதன் வடிவமைப்பு. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்த இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் இலங்கையர்களும் அதைக் கட்டினார்கள் என்றே சொல்லலாம். 1998 ஏப்ரல் 22 அன்று மணற்புயல் ஆட்டத்தை நிறுத்தியது. புயல் ஓய்ந்து சச்சின் டெண்டுல்கர் 143 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா தோற்றது, ஆனாலும் இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றது. இரண்டு நாள் கழித்து, தன் 25ஆவது பிறந்தநாளில், 134 எடுத்துக் கோப்பையை வென்றுகொடுத்தார். அந்தக் கோப்பையின் பெயர் என்ன? கோகோ கோலா கோப்பை. நம்மில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? ‘பாலைவனப் புயல்’ என்றால் சிறுவர்களுக்கும் தெரியும். விலை கொடுத்த பெயரை மணல் மூடிவிட்டது. விலை கேட்காமல் வந்த பெயர் இருபத்தைந்து ஆண்டு கழித்தும் நின்று, 2023 ஏப்ரல் 24 அன்று மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் பகுதிக்கு டெண்டுல்கரின் பெயராகவே வந்து அமர்ந்தது. பேர் வாங்குவது என்பதன் பழைய பொருள் அங்கே பிழைத்திருக்கிறது. ஷார்ஜா ஷேக் என்று நம் ஊர் ஜூஸ் கடைகளில் ஒரு பானம் விற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பானக் கம்பெனி பணம் கொடுத்து ஓர் அரங்கத்தில் ஏறியது. ஒரு வளைகுடா ஊரோ செலவில்லாமல் பானத்தில் ஏறிக்கொண்டது.

வடிவமைப்பில் இதைவிடப் பெரிய கனவு கண்டது கத்தார். 2022 உலகக் கோப்பைக்கான அரங்குகளில் நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் அரபு வாழ்விலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டது. கத்தார் கட்டடக் கலைஞர் இப்ராஹிம் ஜைதா வடிவமைத்த அல் துமாமா, ஆண்கள் தலைத்துணிக்குக் கீழே அணியும் கஃபியா தொப்பி. அல் கோரின் அல் பைத், நாடோடிகளின் கூடாரம். அல் வக்ராவில் ஸஹா ஹதீத் வடிவமைத்த அல் ஜனூப், முத்துக்குளிக்கப் போன படகின் பாய். லுசைல் அரங்கம் ஃபனார் விளக்கும் பேரீச்சங் கிண்ணமும்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த வரிசையைப் பார்த்ததும் ஒரு சங்கடம் வரும். இவையெல்லாம் உவமைகள், அதுவும் ‘போல’ என்ற உருபை விடாமல் பிடித்துக்கொண்ட உவமைகள். தொப்பி போல ஓர் அரங்கம், கூடாரம் போல ஓர் அரங்கம். வானிலிருந்து எடுத்த புகைப்படத்தில் உவமை உடனே புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. அல் துமாமாவுக்கு மட்டும் சற்று விலக்கு அளிக்கலாம். கஃபியாவின் பின்னல் வேலை சுவரின் துளைகளாகி நிழலையும் காற்றையும் தருவதால் அங்கே உவமை கொஞ்சம் வேலை செய்கிறது. மற்றவற்றில் அது பெரும்பாலும் உடுத்திக்கொண்ட ஆடை.

இந்த வரிசையில் எதையும் போல இல்லாத அரங்கம் ஒன்று உண்டு. தோஹா துறைமுகத்துக்கு அருகே, ரஸ் அபு அபூத் என்ற இடத்தில், ஃபென்விக் இரிபாரன் நிறுவனம் வடிவமைத்தது. எஃகுச் சட்டத்தில் கப்பல் கன்டெய்னர்களைச் செருகி எழுப்பிய 44,000 இருக்கைகள். கழிப்பறை, உணவுக் கடை எல்லாம் கன்டெய்னருக்குள். செயற்கைக் குளிரூட்டல் இல்லை, கடற்காற்றுதான். போட்டி முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் பொருத்தலாம் என்பதே அதன் அடிப்படை யோசனை. இடத்தின் பெயரால் அழைக்கப்பட்டுவந்த அதற்கு 2021 நவம்பரில் ஸ்டேடியம் 974 என்று பெயர் சூட்டினார்கள். 974 கன்டெய்னர்கள், கத்தாரின் தொலைபேசிக் குறியீடும் 974.

குறியீட்டோடு எண்ணிக்கை பொருந்தும்படி பார்த்துக்கொண்டார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஆனாலும் இதுதான் வளைகுடாவின் உண்மையான காரணப் பெயர். தொப்பியும் கூடாரமும் அந்நாட்டவரின் நேற்று. கன்டெய்னர் எல்லோருடைய இன்று: அரிசியும் சிமென்டும் மசாலாவும் அதில்தான் வருகின்றன. வேலை முடிந்தால் கழற்றி எடுத்துப் போகலாம் என்ற ஏற்பாடும் நமக்குப் பழகியதே. ஒப்பந்தத் தொழிலாளியின் வாழ்க்கையே அப்படித்தான். ராமநாதபுரத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு வீட்டில் கைப்பேசி ஒலித்து, திரையில் கூட்டல் குறியோடு 974 தெரிந்தால், யார் என்று பார்க்காமலே அம்மா எடுப்பார். தெரிந்தோ தெரியாமலோ, அந்த எண்ணைப் பெயராக்கியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களின் முகவரியை அரங்கத்தின் நெற்றியில் எழுதிவிட்டார்கள்.

அதனால்தான் அடுத்த கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. கன்டெய்னர்களை ஒன்று குறையாமல் எண்ணி அதையே பெயராக்கிய நாட்டில், கட்டியவர்களின் கணக்கு எப்படி வந்தது? 2022 நவம்பரில் போட்டி ஏற்பாட்டுக் குழுவின் பொதுச்செயலாளர் ஹசன் அல் தவாதி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இறந்தவர்கள் 400 முதல் 500 வரை இருக்கலாம் என்றார். அது 2014 முதல் 2020 வரை நாடு முழுவதும் எல்லாத் துறைகளிலும் நேர்ந்த 414 வேலைத்தள மரணங்களைக் குறிக்கிறது என்று குழு பின்னர் விளக்கியது. அரங்கக் கட்டுமானத்தில் வேலை காரணமாக 3 பேர், பிற காரணங்களால் 37 பேர் என்பது அதே குழுவின் கணக்கு. மனித உரிமை அமைப்புகள் இந்தக் கணக்குகளை ஏற்கவில்லை. எந்த எண் சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பெட்டிகளுக்கு 974 என்று ஓர் எண் இருக்க, மனிதர்களுக்கு 400 முதல் 500 வரை என்று ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நூறு வீடுகள் இருக்கின்றன.

இதைச் சொல்லும்போது நம் ஊரை உயர்த்திப் பிடிக்கத் தேவையில்லை. நம்மூர் மைதானங்கள் ஆட்சியிலோ நிர்வாகத்திலோ இருந்தவர்களின் பெயரைத் தாங்குபவை. சேப்பாக்கத்துக்கு எம்.ஏ.சிதம்பரம் பெயர், அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம். அகமதாபாத்தில் பதவியில் இருக்கும் பிரதமரின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அங்கும் மக்கள் தங்கள் பட்டாவைக் கைவிடுவதில்லை. ஸ்கோர் பலகையில் எது இருந்தாலும் “சேப்பாக்கத்துல மேட்ச்” என்றுதான் பேச்சு.

ஆனால் நம்மிடம் ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. தன் பெயரிலேயே ராஜராஜேஸ்வரம் கட்டிய அரசன், அதன் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரை, வந்த ஊரோடும் இருந்த வீட்டோடும் ஒவ்வொன்றாக வெட்டிவைத்தான். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே உண்டு. கல் சுமந்தவர்கள் பெயர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் ஆண்டில் மக்கள் அரசன் வைத்த பெயரை மறந்து பெரிய கோவில் என்கிறார்கள். நானூறு பெயர்கள் மட்டும் கல்லில் அப்படியே இருக்கின்றன. முகப்புப் பெயர் மாறும், சுவரில் வெட்டிய பெயர்கள் நிற்கும்.

சவூதி அரேபியா 2034 உலகக் கோப்பைக்குத் தயாராகிறது. அல் கோபாரில் அராம்கோ அரங்கம் எழுகிறது. கடல் சுழலிலிருந்து வடிவம் பெற்றதாகச் சொல்கிறார்கள். ரியாத்தில் அரசரின் பெயரில் 92,000 பேருக்கான அரங்கம் திட்டத்தில் இருக்கிறது. எண்ணெய் நிறுவனத்தின் பெயர் வரட்டும், அரசர் பெயர் வரட்டும், முகப்பு அவர்களுடையது. ஆனால் இந்த அரங்குகளின் வரைபட மேசைகளிலும் ஒப்பந்த அலுவலகங்களிலும் தளங்களிலும் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டடக் கலைஞராக, பொறியாளராக, அளவு மதிப்பீட்டாளராக. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு சுவரை, அந்த வாயிலைக் கட்டியவர்களின் பெயருக்கும் ஊருக்கும் ஒதுக்கும்படி வரைபடத்திலேயே எழுதச் செலவு அதிகமில்லை. சம்பளப் பட்டியலில் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதைக் கல்லுக்கு மாற்றுவதுதான் வேலை, இறந்தவர்கள் உட்பட.