உபுண்டுவில் என்விடியா டிரைவர்: கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்

என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 உள்ள லேப்டாப்பில் உபுண்டு 24.04 போட்டால் எல்லாம் ஓடுவதுபோலத்தான் தெரியும். வைஃபை கிடைக்கும், வீடியோ ஓடும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரைத் திறந்து, அதன் சைக்கிள்ஸ் எஞ்சினில் ரெண்டர் கொடுக்கப் போனால்தான், பொருத்தமான ஜிபியு இல்லை என்று வரும். காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்க, பாரம் முழுக்க சிபியு தலையில் விழும்.

கெர்னலோடு வரும் நூவோ டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நிறுவனம் ஆவணம் தராத காலத்தில், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்துக் கவனித்தே தன்னார்வலர்கள் எழுதியது அது. இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் கார்டுகள் முதல் என்விடியா தன் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைக் கட்டாயமாக்கியதால், கார்டின் வேகத்தை ஏற்றும் வழி நூவோவுக்கு அடைபட்டுப்போனது. அண்மைக் கெர்னல்களில் அந்த நிலைமை மாறிவருகிறது. ஆனாலும் சைக்கிள்ஸ் கேட்கும் என்விடியாவின் கூடா தளம் தனியுரிம டிரைவரில்தான் உண்டு.

நிறுவுவது எளிது. டெர்மினலில் 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' என்று கேட்டால் உங்கள் கார்டுக்கு ஏற்ற பதிப்புகளைப் பட்டியலிட்டு, பரிந்துரைக்கும் பதிப்பையும் காட்டும். பிறகு 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. உபுண்டுவின் நிறுவனமான கனானிக்கல் கையொப்பமிட்ட டிரைவர் மாட்யூல் உங்கள் கெர்னலுக்கு இருந்தால் ரீஸ்டார்ட்டோடு வேலை முடிந்தது. அது இல்லாமல், டிகேஎம்எஸ் வழியாக மாட்யூல் உங்கள் கணினியிலேயே உருவானால், அதன் கையொப்பத்தை அறியாத செக்யூர் பூட் குறுக்கே வரும்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி காத்திருக்கும். விட்டுவிட்டால் கணினி வழக்கம்போலத் துவங்கும், டிரைவர் மட்டும் ஏறாது. கீயை அழுத்தினால் வரும் பட்டியலில் முதலில் நிற்கும் 'கன்டினியூ பூட்' வேண்டாம்; 'என்ரோல் மோக்' போய், 'கன்டினியூ', 'யெஸ்' கொடுத்து, அந்த பாஸ்வேர்டை அடியுங்கள். நீங்கள் எந்த விசைப்பலகை அமைப்பு வைத்திருந்தாலும் அங்கே யுஎஸ் அமைப்புதான். அதனால் பாஸ்வேர்டில் வெறும் எழுத்தும் எண்ணும் போதும்.

உள்ளே வந்து 'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்தால் டிரைவர் பதிப்பு, வெப்பநிலை, 4 ஜிபி நினைவகம் எல்லாம் ஒரு அட்டவணையில் வரும். அது வந்தால் எல்லாம் சரி. பேட்டரியைக் காக்க 'சூடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்' கொடுத்துவிடுங்கள். சாதாரண வேலையை சிபியுவோடு வரும் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். கனமான செயலியை மட்டும் ரைட் கிளிக் செய்து என்விடியாவில் திறக்கலாம்.

என்விடியா தளத்திலிருந்து '.ரன்' கோப்பை இறக்கி நிறுவவே வேண்டாம். உபுண்டுவின் பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாமல் உள்ளே நுழையும் அது, கெர்னல் அப்டேட் வந்த மறுநாள் கறுப்புத் திரையைக் காட்டக்கூடும். அப்படி ஆனால் பதற வேண்டாம். கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து உள்ளே போகலாம்.

2024-இல் வந்த 555 டிரைவர் வரிசைக்குப் பிறகு வேலாண்டில் திரை மினுக்குவது பெரிதும் அடங்கிவிட்டது. 2022-இல் கெர்னல் மாட்யூலின் மூலநிரலையும் என்விடியா திறந்தது. ஆனால் அது டூரிங் தலைமுறையிலிருந்து வந்த கார்டுகளுக்கு மட்டும். அதன் மேலே இயங்கும் நூலகங்கள் இன்னும் மூடியேதான் இருக்கின்றன. மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு 580-தான் கடைசி வரிசை. நன்றாக ஓடுகிற பாஸ்கல் கார்டான ஜிடிஎக்ஸ் 1060-க்கு எத்தனை காலம் ஆயுள் என்பதை வாங்கியவர் தீர்மானிக்க முடிவதில்லை. இது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத விஷயம்.

கையில் என்விடியா கார்டு இருந்து, பிளெண்டரோ கேமோ இயந்திரக் கற்றலோ உங்கள் வேலை என்றால் தயங்காமல் நிறுவுங்கள். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்றால் நூவோவே போதும். லினக்ஸுக்கென்று புதிதாக வாங்குகிறவர்கள், கூடா கட்டாயம் இல்லையென்றால், ஏஎம்டி கார்டைப் பாருங்கள். அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.