பிளக் நிறம் பார்த்து எஞ்சினைக் கணிப்பது

அம்பாசடர் போன்ற பழைய காரில் இழுவை குறைந்தாலோ, ஒரு சிலிண்டர் ‘மிஸ்’ அடித்தாலோ, மெக்கானிக்கின் கை முதலில் போவது ஸ்பார்க் பிளக்குக்குத்தான். நான்கையும் கழற்றி, வரிசை மாறாமல் அடுக்கி, முனையின் நிறத்தைப் பார்ப்பார். காய்ந்த கரி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு வழியே ஆயில் வருகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம், அல்லது டைமிங் முந்தியிருக்கிறது. இளம்பழுப்பு என்றால் குறையில்லை.

இம்முறையின் பலம் ஒப்பீட்டில் இருக்கிறது. நான்கும் ஒன்றுபோல் கறுத்திருந்தால் கோளாறு பொதுவானது: சோக் முழுக்கத் திறக்கவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, கார்புரேட்டரில் ஃப்ளோட் மட்டம் ஏறியிருக்கிறது. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரை மட்டும் பார்த்தால் போதும். அந்த ஒன்று கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால், ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் இறங்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு பிளக் ஸ்பேனரைக் கொண்டு இவ்வளவு தெரிந்துகொள்ள முடிவது சாதாரண விஷயமல்ல.

ஆனால், கோளாறு எங்கே என்று காட்டும் அளவுக்கு, ஏன் என்று பிளக் காட்டுவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் தேய்ந்து, கண்டென்சர் கெட்டு, பொறி மெலிந்தாலும் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து அதே கரிதான் படியும். கறுப்பைக் கண்டவுடன் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவது பட்டறைகளின் தீராத பழக்கம். ஃபீலர் கேஜ் விட்டுப் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்த வேலையே மிச்சமாகியிருக்கும்.

பிளக்கைக் கழற்றும் நேரமும் முக்கியம். முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நெரிசலில் ஊர்ந்து வந்து, ஐடிலிங்கில் நின்ற காரில், கலவை சரியாக இருந்தாலும் பிளக் கறுத்துத்தான் இருக்கும். நல்ல வேகத்தில் ஓடும்போதே இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து, ஓரங்கட்டிக் கழற்றினால்தான் உண்மை நிறம் தெரியும். இன்றைய சாலைகளில் இதைச் செய்யச் சொல்வதற்கில்லை. வெப்ப எண் பொருந்தாத பிளக்கைப் போட்டிருந்தால் எப்படிக் கழற்றினாலும் நிறம் ஏமாற்றும்.

எரிபொருளும் மாறிவிட்டது. பழைய நிற அட்டவணைகள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. அந்தப் பழுப்பில் ஈயப் படிவுக்கும் பங்குண்டு. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் முற்றிலும் நின்றது. இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் கலவை தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. அதற்கேற்பக் கார்புரேட்டர் ஜெட் தானாகப் பெரிதாகாது. ஆகவே கலவை உண்மையிலேயே சற்று மெலிகிறது. வெளுத்த பிளக்கில் ஈயம் இல்லாததால் வந்த வெளுப்பு எவ்வளவு, மெலிந்த கலவையால் வந்தது எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க முடியாது.

பிளக் காட்டிய சிலிண்டரில் அடுத்துச் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. முதலில் அப்படியே அளந்து, பிறகு பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே தாழ்ந்திருந்தால், இடையில் கேஸ்கெட் போயிருக்கக்கூடும்.