சுவர் இருக்கிறது, சித்திரம் எங்கே?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று பழமொழி சொல்கிறோம். நம்மில் பலருக்கு இப்போது சுவர் இருக்கிறது, சித்திரம்தான் இல்லை. மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர், கல்யாணப் புகைப்படம், யாரோ பரிசளித்த கடிகாரம் இவைதாம் கூடத்துச் சுவரில் தொங்குகின்றன. இவற்றில் ஒன்றையாவது நாமாகத் தேடிப் பார்த்து, மனசுக்குப் பிடித்து, காசு கொடுத்து வாங்கினோமா? ஒரு புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், தினமும் கண்ணில் படுகிற சுவரை மட்டும் பிறர் தயவுக்கு விட்டுவிடுகிறோம்.

காலண்டர் படங்களைக் கேலி செய்வது சில ரசிகர்களுக்கு வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்ததால்தான் அரண்மனைச் சித்திரம் சாமானியன் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு தெய்வப் படங்கள் எழுதிய கொண்டையராஜு ஓவியத்தை முறையாகப் பயின்றவர். சிவகாசி அச்சகங்கள் அவர் படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோயின. அப்படி ஒரு படத்தை ஆசைப்பட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பாட்டிக்கு ரசனை இருந்தது. இலவசமாக வந்ததை, ஆணி இருந்த இடத்தில் தொங்கவிடுகிற பேரனுக்குத்தான் இல்லை.

சித்திரம் வாங்குவது பணக்காரர் பொழுதுபோக்கு என்பார்கள். நியூயார்க்கில் வாழ்ந்த ஹெர்பர்ட் வோகல், தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கும் குமாஸ்தா. மனைவி டோரதி, புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். 1962-ல் கல்யாணம் ஆயிற்று. மனைவி சம்பளத்தில் குடும்பம் நடத்துவது, கணவன் சம்பளத்தில் கலைப் பொருள் வாங்குவது என்று இருவரும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விலை கட்டுப்படியாக வேண்டும், ஒரே படுக்கையறை கொண்ட வீட்டுக்குள் பொருள் நுழைய வேண்டும், இவைதாம் நிபந்தனைகள். ஆரம்பத்தில் அவர்களே படம் எழுதினார்கள். பிறர் எழுதியவை மேலானவை என்று கண்டதும் தங்கள் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள். இதைவிட நேர்மையான விமரிசனத்தை நான் பத்திரிகைகளில் படித்ததில்லை.

பெயர் பெற்றவர்களின் விலை எட்டாது. ஆகையால், இன்னும் பெயர் எடுக்காத இளைஞர்களின் வேலைக் கூடத்துக்கே போய்ப் பார்த்து வாங்கினார்கள். 1992-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு அந்தச் சேகரிப்பை ஒப்படைக்க முன்வந்தார்கள். நாளடைவில் அது 4,000-க்கு மேல் வளர்ந்தது. விற்றிருந்தால் கோடீசுவரர் ஆகியிருப்பார்கள், விற்கவில்லை. 2008-ல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி 50 மாநிலங்களுக்கு ஐம்பது ஐம்பதாக 2,500 கலைப் பொருள்கள் போய்ச் சேர்ந்தன.

ஆனாலும் அவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மனிதர் நடமாட இடமில்லாதபடி வீட்டை நிரப்பினார்கள். கட்டி அடுக்கிவைத்த சித்திரம், பிரித்துப் படிக்காத கடிதம் மாதிரி. நமக்கு நாலாயிரம் வேண்டாம், ஏழெட்டு போதும். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுதான்: ஊர் சொன்ன பெயரை நம்பாமல், பார்த்துப் பார்த்துப் பழகிய தங்கள் கண்ணை நம்பினார்கள்.

இது நம் வீட்டு அலங்காரத்தோடு முடிகிற விஷயமுமன்று. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முயற்சியில், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம் உருவாயிற்று. நிலம் வாங்கப் பணம் எப்படி வந்தது? ஓவியர்கள் பாட்டிக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். சித்திரத்தை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தன்மானத்தை நாம் புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குள் நம்மைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. வாங்க ஆள் இருந்திருந்தால், துணிக்குச் சாயம் ஏற்றிய பொழுதில் இன்னும் எத்தனை சித்திரம் எழுதியிருப்பார்கள்!

ஆரம்பிப்பது கஷ்டமில்லை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. அங்கே பயிலும் மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது போய்ப் பாருங்கள். மரத்தில் செதுக்கியும் செப்புத் தகட்டில் கீறியும் அச்செடுக்கும் படங்கள், எண்ணெய் வர்ண ஓவியத்தைவிட மலிவாகவே கிடைக்கும். ஓரத்தில் பென்சிலால் 3/20 என்று இருந்தால், எடுத்த இருபது படிகளில் அது மூன்றாவது என்று அர்த்தம். பார்த்தவுடன் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் எது மனசில் நிற்கிறதோ, அதை மறுநாள் போய் வாங்குங்கள். வெயில் விழும் சுவரிலும் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்டாதீர்கள். காகிதப் படமானால் கண்ணாடி அதன்மேல் ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள்.

ஓவிய நண்பரிடம், “எனக்கு ஒன்று சும்மா கொடேன்” என்று மட்டும் கேட்காதீர்கள். தையற்காரரிடம் அப்படிக் கேட்போமா? வாங்கிய படம் ஒரு வருஷத்தில் அலுத்துப்போனாலும் நஷ்டமில்லை. உங்கள் கண் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. எழுதியவர் வீட்டிலும் அந்த மாதம் அரிசி வாங்கியிருப்பார்கள்.