சாகாத தலைவனும் சாகும் குடிகளும்

சாவை வெல்ல வேண்டும் என்னும் வேட்கை தமிழர்க்குப் புதியதன்று. இரசவாதத்தால் செம்பைப் பொன்னாக்க முயன்ற சித்தர்கள் காயகற்பத்தால் உடம்பையும் அழியாப் பொன்னாக்க முயன்றனர். பொன் விளைந்த நம் கோலார் மண்ணில் இவ்வினா வேறு வடிவிலும் எழுந்ததுண்டு. 1980இல் இச்சுரங்கத்தினுள், சுமார் 2300 மீட்டர் ஆழத்தில், புரோட்டான் என்னும் அணுத்துகளேனும் என்றும் அழியாதிருக்குமா என்று இந்திய, ஜப்பானிய அறிவியலார் கருவி வைத்துக் காத்திருந்தனர். அது அழிந்ததற்கு உறுதியான சான்று இன்றுவரை எங்கும் கிட்டவில்லை. துகளுக்குள்ள அப்பேற்றை மனிதன் இயந்திரத்தின் துணையால் அடையலாமா? தமிழ்த் தொலைக்காட்சியில் இவ்வினாவைத் தொட்ட படைப்பாக நாம் கருதுவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் காட்சித் தொடராகியது இக்கதை. ஆசிரியர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். இயந்திரத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். கதை நிகழ்வது 2020களின் தொடக்கத்தில். அக்காலத்தை நாம் கடந்தே வந்துவிட்டோம்.

அந்நாட்டில் பிள்ளை பெற அரசின் இசைவு வேண்டும். பெயர் இரண்டெழுத்தை மிஞ்சலாகாது. வாழ்நாளுக்கும் அரசே எல்லை வகுக்கும். இத்தனைக்கும் மேலே ஜீவா என்னும் தலைவன். இறுதியில் தெரிய வருவதென்ன? ஜீவா என்றொருவன் இல்லை. மக்கள் வணங்கியது ஒளியால் அமைந்த வெறும் பிம்பத்தை. உயிர் என்றே பொருள்படும் பெயரை உயிரற்ற ஒன்றுக்கு இட்ட நயத்தை இங்கே பாராட்டாமல் இருக்க இயலாது. 1966இல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் தோன்றிய சைபர்மென், சாவுக்கு அஞ்சி உறுப்பு உறுப்பாக உலோகமாகிப் போனவர்கள். அவர்கள் உணர்ச்சியை இழந்தாலும் உடல் என ஒன்று எஞ்சியது. சுஜாதா அதனினும் ஒரு படி மேலே செல்கிறார். சாகாமல் நிற்பது ஆளன்று, ஆட்சியே. அதற்கு ஓர் ஆள்கூடத் தேவையில்லை என்கிறார். நீண்ட வாழ்நாள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானைப் போற்றும் மரபினர் நாம். தன் குடிகளின் நாள்களை எண்ணி அளந்துகொண்டு தான் மட்டும் மூப்பின்றி நிற்கும் ஜீவாவை அந்த அதியமானுக்கு நேர் எதிரியாகவே காண்கிறோம்.

ஆயினும் நூலில் இடியென இறங்கிய அவ்வுண்மை, திரையில் அத்துணை வலிவு பெறவில்லை என்பது எம் கருத்து. குறை நடித்தவர்களுடையதன்று, கருவியினுடையது. படிக்கும்போது நிலா நம் மனத்தில் குருதியும் தசையுமாக உலவுகிறாள். ஆகவே ஜீவா பிம்பம் என்றதும் திடுக்கிடுகிறோம். தொலைக்காட்சிப் பெட்டியிலோ நிலாவும் பிம்பம், ஜீவாவும் பிம்பம். கண்ணாடிக்குள் தெரிவோர் எல்லாரும் ஒளிதானே! படமெடுத்தோர் இதனையே தமக்குச் சாதகமாக்கி, "நீங்கள் நாள்தோறும் வணங்கும் தலைவர்களும் இப்படித்தானே வருகிறார்கள்" என்று பார்ப்போரை நோக்கிக் கேட்டிருக்கலாம். அவ்வாய்ப்பு நழுவியது. ஜீனோ என்னும் இயந்திர நாய் மட்டும் இரு வடிவிலும் நெஞ்சைக் கவர்கிறது. நூல் படித்து, சிந்தித்து, குறும்பும் பேசும் அதற்கு 'மீண்டும் ஜீனோ' என்று மறுபிறவியே கிட்டியது. மாந்தர்க்கு வாய்க்காத பேறு!

நூலின் மீதே எமக்கொரு மனக்குறை உண்டு. நாள் குறிக்கப்பட்டுச் சாகும் முதியோர் கதையில் பின்புலமாகவே நின்றுவிடுகின்றனர். கதையின் வேகம் அவர்களருகே நிற்பதில்லை. மற்ற ஊரார் இதனைப் பொருட்படுத்தாதிருக்கலாம். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு இளமையிலேயே இருமி ஓய்ந்தோரைக் கண்ட நமக்கு அது எளிதன்று. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அவ்விருமல் மூடப்படவில்லை.

பாலகாட் லைன் வீடொன்றில் அண்டை அயலார் கூடி இத்தொடரைப் பார்த்த மாலை நினைவுக்கு வருகிறது. இளையோர் ஜீனோவைக் கண்டு கைதட்டினர். சுவரோரம் சாய்ந்திருந்த முதிய சுரங்கத் தொழிலாளர் ஒருவர் மட்டும், "அந்த ஊரில் எத்தனை வயது வரைக்கும் விட்டு வைப்பார்களாம்?" என்று கேட்டார். விடை சொன்னோம். விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தவர், "பரவாயில்லையே" என்றார்.